கீழாநெல்லி மீது ஒரு விசாரணை

ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் ஆனால் போதும். வரப்பு, வாழைக்கொல்லை, துணி துவைக்கும் கல்லின் ஓரம், தண்டவாளத்து ஜல்லி, மொட்டைமாடிப் பூந்தொட்டி என ஈரம் இருக்கும் இடமெல்லாம் கீழாநெல்லி தலை நீட்டியிருக்கும். யாரும் விதைப்பதில்லை. களையெடுப்பவர்கள் பிடுங்கி எறிந்த இடத்திலேயே பத்து நாளில் இன்னொன்று நிற்கும். ஒரு சாண் உயரச் செடிதான். நல்ல மண்ணாக இருந்தால் முழங்கால் வரை வரும்.

ஒரு கிளையைக் கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள். பார்வைக்குப் புளிய இலை. மெல்லிய காம்பின் இருபுறமும் சிறு சிறு நீள்வட்ட இலைகள். இப்போது அதைத் திருப்பிப் பிடியுங்கள். ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு பச்சை மணி, குட்டிக் காம்பில் தொங்கும். குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர் இருக்கலாம். கிளையின் நுனிப்பக்கம் போகப் போக மணிகள் சிறுத்து, கடைசியில் வெளிர்பச்சைப் பூக்களாக முடியும். லென்ஸ் இருந்தால் ஒரே இலைக்கக்கத்தில் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் அருகருகே இருப்பது தெரியும்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். புளி, முருங்கை, வேம்பு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் கூட்டிலையில் சிற்றிலைகளின் கக்கத்தில் பூ வரவே வராது. மொட்டு விடுவது முழு இலையின் அடியில் மட்டும்தான்; தாவரங்களில் ஏறக்குறைய மாறாத விதி இது. அப்படியானால் கீழாநெல்லி விதியை மீறுகிறதா? இல்லை, நம் கண்ணை ஏமாற்றுகிறது. நாம் சிற்றிலை என்று நினைப்பது ஒவ்வொன்றும் முழு இலை. இலைக்காம்பு என்று நினைப்பது ஒரு கிளை. ஆனால் அந்தக் கிளை தன்னை இலையாகவே பாவித்துக்கொள்கிறது. குறிப்பிட்ட நீளத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வயதானால் இலை உதிர்வதைப்போல மொத்தமாகக் கழன்று விழும். நடுத்தண்டில் வந்திருக்க வேண்டிய இலைகளோ கண்ணுக்கு எளிதில் தெரியாத செதில்களாகச் சுருங்கிவிட்டன. பொழுது சாய்ந்தால் இலைகள் இரண்டிரண்டாக மடிந்துகொள்ளும், விடிந்தால் விரியும்.

காய்க்குள் மூன்று அறைகள், அறைக்கு இரண்டு விதைகள். முற்றிக் காய்ந்ததும் ஓடு சட்டென்று வெடித்து விதைகளை எறிந்துவிடும். பிடுங்கிய செடியை நிழலில் செய்தித்தாள் மீது உலர்த்தினால், மறுநாள் தாளுக்கு வெளியேயும் பழுப்பு விதைகள் சிதறிக் கிடக்கும். ஒரு தொட்டியில் ஒரு செடி முளைத்தால் ஓராண்டில் பக்கத்துத் தொட்டிகள் அனைத்திலும் அது இருப்பதன் ரகசியம் இதுதான்.

நெல்லி மரமும் இதே குடும்பம்தான். இக்குடும்பத்தின் மரங்கள், புதர்கள் சிலவற்றில் ஓர் அபூர்வ ஏற்பாடு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டார்கள். எபிசெஃபாலா என்னும் குட்டி அந்துப்பூச்சி, ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் தன் உறிஞ்சுகுழலால் வேண்டுமென்றே சேகரித்து, பெண் பூவில் கொண்டுபோய் வைத்து, அங்கேயே முட்டையும் இடுகிறது. வளரும் புழுவுக்குச் சில விதைகள் கூலி. மீதி விதைகள் மரத்துக்கு. கீழாநெல்லியைப் போன்ற சிறு செடிகள் இந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு எறும்புகளே போதும். அந்தச் செடிகளைத் தேடிவரும் அந்துப்பூச்சிகள் சில, மகரந்த வேலையை மறந்துவிட்டு விதையை மட்டும் தின்றுவிட்டுப் போகின்றன. கூலியை மறக்காத வேலையாட்கள்!

செடியைப் பற்றி இன்னும் சொல்லலாம். ஆனால் கீழாநெல்லி என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது பூவோ பூச்சியோ அல்ல, காமாலைதான்.

நம் ரத்தச் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. பழைய அணுக்களை மண்ணீரல் உடைக்கும்போது அவற்றின் சிவப்பு நிறமி பல படிகளில் சிதைந்து, பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியாகிறது. இது தண்ணீரில் கரையாது. கல்லீரல் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பும். இந்தப் பாதையில் எங்கே தடை வந்தாலும் மஞ்சள் ரத்தத்தில் தேங்கும். முதலில் வெள்ளை விழியில் தெரியும், பிறகு தோலில், சிறுநீரில். ஆக, காமாலை தனி நோயல்ல, ஓர் அறிகுறி. அசுத்தமான குடிநீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ, ரத்தம் வழி தொற்றும் பி, சி, மது, பித்தநாளத்தில் சிக்கிய கல், எலிக்காய்ச்சல், சில காசநோய் மாத்திரைகள் என எதுவும் பின்னால் இருக்கலாம். கல் அடைத்துக்கொண்டவருக்கு எந்தத் தழையை அரைத்துக் கொடுத்தும் பயனில்லை. கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் அது உயிருக்கு உலை வைக்கும். நாட்டு மருந்துக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அங்கே விஷம்தான்.

கிராமத்து வைத்தியம் இந்தப் பிரிவினைகளுக்குள் போவதில்லை. காமாலைக்கு மருந்து தரும் வீடு ஒன்று பல ஊர்களில் உண்டு. காசு வாங்கினால் மருந்து பலிக்காது என்பது பல வீடுகளில் பரம்பரை விதி. விடியற்காலை, வெறும் வயிறு. வேரோடு பிடுங்கிய செடியை மண் போகக் கழுவி, அம்மியில் மைபோல அரைத்து, கொட்டைப்பாக்களவு உருட்டி மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலந்து கொடுப்பார்கள். வேர் முதல் காய் வரை ஒன்றையும் விடாமல் சேர்ப்பதைச் சித்த மருத்துவம் சமூலம் என்கிறது. சிலர் கரிசலாங்கண்ணியையும் சேர்த்து அரைப்பதுண்டு. மூன்று நாள் அல்லது ஐந்து நாள், ஒருவேளை ஒரு வாரம். எண்ணெய், புளி, மாமிசம் கூடாது, உப்பு குறைவு, குடி அறவே கூடாது. வாயில் வைத்தால் கசப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கும். சூட்டைத் தணிக்கும் செடி என்பது சித்தர் கணக்கு. அதனால்தான் சிறுநீர்க் கடுப்பு, வெள்ளைப்படுதல், கண் எரிச்சல் எல்லாவற்றுக்கும் அது கை கொடுத்தது. உப்போடு அரைத்துச் சொறி சிரங்கில் பூசினார்கள். நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தைலமாக்கினார்கள்.

பலித்ததா? பெரும்பாலும் பலித்தது என்றே ஊர் சொல்லும். சிக்கலும் அதில்தான். நம் ஊர்க் காமாலையில் கணிசமான பகுதி ஹெபடைடிஸ் ஏ. கண் மஞ்சளாகும் நேரத்தில் அந்த வைரஸின் ஆட்டம் ஏற்கெனவே உச்சம் கடந்து இறங்கத் தொடங்கியிருக்கும். ஓய்வும் உணவும் இருந்தால் சில வாரங்களில் உடம்பே அதைத் துரத்திவிடும். ஆங்கில மருத்துவத்திலும் அதற்கென்று தனி மருந்து கிடையாது. அந்த வேளையில் கீழாநெல்லி கொடுத்தாலும் குணமாகும், வெறும் மோர் கொடுத்தாலும் குணமாகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, காக்கையே தள்ளிவிட்டதா என்று நோயாளியின் முகத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. நூறு பேர் குணமானார்கள் என்பதும் சாட்சியாகாது. மருந்து சாப்பிடாத நூறு பேர் என்ன ஆனார்கள் என்பதும் வேண்டும்.

அப்படியொரு நேர்மையான விசாரணை கீழாநெல்லிக்கு நடந்தது. நம் மூலிகைகளில் இந்த அளவுக்கு நாடு நாடாகக் கூண்டில் ஏற்றப்பட்டவை மிகக் குறைவு.

முதல் அடி வேதியியலில். குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து கீழாநெல்லியின் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்து 1946-இல் அறிவித்தார். ஃபில்லாந்தின் என்று அதற்குப் பெயர். அதன் உறவான ஹைப்போஃபில்லாந்தினும் பிறகு வெளிச்சத்துக்கு வந்தது. நச்சு வேதிப்பொருள்கள் எலியின் கல்லீரல் செல்களைச் சிதைக்காமல் இவை காப்பதாக 1985-இல் ஆய்வு வந்தது. எலிக்கும் மனிதருக்கும் இடையில் தூரம் அதிகம் என்றாலும், செடியில் ஏதோ இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது அடி சென்னையில். சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் கீழாநெல்லிச் சாறு, ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்வதாக 1982-இல் எழுதினார்கள். இந்த இடத்தில் கதைக்குள் வருபவர் பரூக் பிளம்பெர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் முதலில் அறியப்பட்டதால் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ எனப்பட்ட அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்து, அதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற அதே பிளம்பெர்க். ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் அவரும் சக ஆய்வாளர்கள் வெங்கடேஸ்வரனும் மில்மனும் கீழாநெல்லிச் சாற்றை எடுத்துக்கொண்டார்கள். வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும் வுட்சக் என்ற கொறிக்கும் விலங்குக்கு ஹெபடைடிஸ் பி-யின் நெருங்கிய உறவினர் வைரஸ் ஒன்று வரும். அந்த விலங்குகளுக்குச் சாற்றை ஊசி மூலம் செலுத்தியபோது ரத்தத்தில் வைரஸ் குறைந்தது. வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியைச் சாறு தடுப்பதும் தெரிந்தது. 1987-இல் முடிவுகள் வெளியாயின.

அடுத்த ஆண்டு வந்ததுதான் பெரிய செய்தி. தியாகராஜனும் பிளம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை ‘லான்செட்’ இதழில் 1988-இல் வெளிவந்தது. வைரஸை உடலில் நாள்பட்டுச் சுமப்பவர்களில் ஒரு பிரிவுக்குக் காய்ந்த செடிப் பொடி, இன்னொரு பிரிவுக்குப் போலி மருந்து. 30 நாள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்திலிருந்து மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவர்.

இந்த எண்களின் எடை புரிய வேண்டுமானால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி, ஏ-யைப்போல எப்போதும் தானாகப் போகும் விருந்தாளி அல்ல. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலோர் சில மாதங்களில் மீண்டுவிடுவார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுள் குடியிருப்பு. நாள்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குத்தான், தோராயமாக, மேலுறைப் புரதம் தானாக மறைகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 கணக்குப்படி 25.4 கோடி பேர் இதைச் சுமக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய். அப்படிப்பட்ட வைரஸை வரப்போரக் களை ஒரு மாதத்தில், பாதிக்கு மேற்பட்டவர்களிடம் விரட்டியது என்றால் சும்மா விடுமா உலகம்? கட்டுரையாளர்களோ நிதானமாகவே இருந்தார்கள். இது முன்னோட்ட ஆய்வு என்றுதான் எழுதினார்கள்.

மற்ற நாடுகளில் சோதித்தபோது மாயம் கலைந்தது. தாய்லாந்தில் அறிகுறியில்லாத நோய்ச் சுமப்பவர்களிடம் அதே செடி தோற்றதை 1990-இல் அதே லான்செட் வெளியிட்டது. நியூசிலாந்திலிருந்து 1994-இல் வந்ததும் தோல்விச் செய்தி. ஊர்க் காமாலைக்கு நேரடிச் சோதனையும் நடந்தது: கேரளத்தில் தீவிர வைரஸ் காமாலை நோயாளிகளுக்குப் பொடியைக் கொடுத்துப் பார்த்ததில், மஞ்சள் நீடித்த நாள்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 1999-இல் எழுதினார்கள். 2011-இல் காக்ரேன் குழு 16 சோதனைகளை, 1,326 நோயாளிகளை ஒன்றாக வைத்து அலசியது. போலி மருந்தைவிட மேலானது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. வைரஸ் மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது பயன் இருந்ததாகத் தெரிந்த ஆய்வுகளும் தரத்தில் பலவீனமானவை. இதுவே முடிவு.

சென்னை எண்களைத் தூக்கி எறிந்துவிடலாமா? நான் எறியமாட்டேன். சிறிய ஆய்வு, குறுகிய காலம் என்ற குறை உண்மை. பெரியவரான பிறகு தொற்றியவர்களும் பிறவியிலேயே சுமப்பவர்களும் ஒரே மருந்துக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை என்பதும் உண்மை. வைரஸின் தந்திரம் வேறு இருக்கிறது. தன் மரபுப் பொருளை ஒரு வளையமாக்கிக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே பதுக்கி வைத்துவிடுகிறது. சோதனைக் குழாயில் நொதியைத் தடுத்துவிடலாம். அந்த வளையத்தைத் தொட முடியாது. இன்றைய டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளும் வைரஸை அடக்கி வைக்கின்றனவே தவிர, பெரும்பாலோரிடம் துடைத்தெடுப்பதில்லை. கீழாநெல்லி தோற்ற களம் சாதாரணக் களம் அல்ல. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசிதான் இதுவரை நம்மிடமுள்ள உறுதியான கேடயம்.

இன்னொரு கேள்வி இதைவிடச் சங்கடமானது. எல்லோரும் சோதித்தது ஒரே செடியைத்தானா?

1987-இல் ஃபில்லாந்தஸ் நிருரி என்று எழுதப்பட்ட செடி 1988-இல் ஃபில்லாந்தஸ் அமாரஸ் ஆனது. செடி மாறவில்லை, அடையாளம் திருத்தப்பட்டது. உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் அது இயற்கையாக வளர்வதில்லை என்று தாவரவியலாளர் வெப்ஸ்டர் 1950-களிலேயே காட்டியிருந்தார். இருந்தும் நம் ஊர் மருந்துப் புட்டிகள் பலவற்றில் அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழாநெல்லி போலவே தோன்றும் செடிகள் நம் வரப்புகளில் பல. தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் கிளையோடு ஒட்டிச் சொரசொரவென்று இருந்தால் அது யூரினேரியா, சிவப்புக் கீழாநெல்லி. மேலாநெல்லி என்று அழைக்கப்படும் மதராஸ்பதென்சிஸ், இலை வேஷம் போடாத சாதாரணக் கிளைகளோடு நிற்கும். மற்றவற்றைப் பிரிக்க விதையை லென்ஸில் பார்க்க வேண்டும்: அமாரஸின் விதை முதுகில் கோடுகள் நீளவாக்கில் ஓடும், யூரினேரியாவில் குறுக்கே. ஃபில்லாந்தின் அமாரஸில் கணிசமாக இருக்கிறது, உறவுக்காரச் செடிகள் பலவற்றில் அற்பமாகவே.

நாட்டு மருந்துக் கடையில் காய்ந்து நொறுங்கிய கட்டாக வாங்கும்போது விதையைப் பார்ப்பது யார்? பெங்களூரு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். தென்னிந்தியாவின் 25 கடைகளில் வாங்கிய சரக்கை உருவத்தாலும் டி.என்.ஏ. குறியீட்டாலும் பிரித்து 2010-இல் வெளியிட்டார்கள். 76 சதவீத மாதிரிகளில் முக்கியச் சரக்கு அமாரஸ். எஞ்சிய 24 சதவீதத்தில் வேறு ஐந்து இனங்கள். கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டுவது எளிது. ஆனால் காட்டிலும் மேட்டிலும் கூலிக்குப் பறித்து வருபவருக்கு இலைக்கு அடியில் காய்த்தால் அது கீழாநெல்லிதான்; அவரைப் பொறுத்தவரை அவர் ஏமாற்றவில்லை.

அமாரஸே கூட இந்த மண்ணில் பிறந்ததா என்றால், தாவரவியலார் தலையாட்ட மறுக்கிறார்கள். அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா என்பதே இன்று ஏற்கப்பட்ட கருத்து. அறிவியல் பெயர் பெற்றது மேற்கு ஆப்பிரிக்காவில் சேகரித்த செடியை வைத்து, 1827-இல். கப்பல்களின் மண்ணோடும் சரக்கோடும் உலகம் சுற்றிய களைகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். அது சரியானால், நம் பழைய மருத்துவ நூல்கள் சொன்ன கீழாநெல்லி, இந்த மண்ணிலேயே இருந்த அதன் ஒன்றுவிட்ட உறவுகளில் ஏதோ ஒன்று. மிளகாய் வந்து மிளகின் வேலையை எடுத்துக்கொண்டதைப்போல, புதிதாக வந்தது பழையதன் பெயரையும் பத்தியத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் வருத்தமில்லை. அறிமுகமற்ற ஒரு செடியைத் திருப்பிப் பார்த்து, காய் அடியில் இருக்கிறதே என்று அடையாளம் கண்டு, வாயிலிட்டுக் கசப்பைச் சரிபார்த்து மருந்தில் சேர்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவர்கள் அல்ல.

காமாலையில் தடுமாறிய செடிக்கு வேறொரு வழக்கில் சற்று நல்ல சாட்சிகள் கிடைத்திருக்கின்றன. பிரேசிலில் இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குக் ‘கல்லுடைப்பான்’ என்ற பொருளில் ‘கெப்ரா பெட்ரா’ என்று பெயர். அங்கே காமாலையைவிடச் சிறுநீரகக் கல்லுக்குத்தான் அதைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். சாவோ பாவ்லோவின் கூட்டாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999 முதல் அதைத் தோண்டிப் பார்த்தார்கள். செடி கல்லை உடைக்கவில்லை. கால்சியம் ஆக்சலேட் படிகங்களைச் சிறுநீரகக் குழாய்ச் செல்கள் உள்ளிழுப்பதை அது தடுக்கிறது. படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதையும் குறைக்கிறது. திரளாத படிகம் கல்லாகாமல் சிறுநீரோடு போய்விடும். 2006-இல் இத்தாலியில், அதிர்வலைகளால் கல்லைப் பொடித்துக்கொண்ட 150 பேரில் ஒரு பிரிவினருக்குச் செடிச் சாற்றைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சிறுநீரகத்தின் அடிப்பகுதியில், துகள்கள் வெளியேறச் சிரமப்படும் இடத்தில் கல் இருந்தவர்களிடம் செடி குடித்த பிரிவே தெளிவாக முந்தியது.

பிரேசில் அரசு 2009-இல் தன் பொதுச் சுகாதாரத் திட்டத்துக்குப் பயன்படக்கூடிய 71 மூலிகைகளைப் பட்டியலிட்டபோது, இதையும் சேர்த்துக்கொண்டது. அமாரஸ், நிருரி, யூரினேரியா, டெனெல்லஸ் நான்கையும் ஒரே வரியில்.